சாவி யார் கையில்? பாஸ்வேர்ட் பெட்டகங்களின் அறுபது வருஷக் கதை

நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

ஆஸ்பத்திரிகள் மேல நடக்கிற சைபர் தாக்குதல் பத்தி இங்க எழுத ஆரம்பிச்சதுல இருந்து கிளினிக், லேப், சின்ன கம்பெனி நடத்துறவங்க இன்பாக்ஸ்ல ஒரே கேள்வியைக் கேட்கிறாங்க. "டாக்டர், எங்களுக்கு எந்த பாஸ்வேர்ட் மேனேஜர் நல்லது? ஒன்பாஸ்வேர்டா, பிட்வார்டனா, லாஸ்ட்பாஸா?"

காய்ச்சலுக்கு மாத்திரை பேர் கேட்கிற மாதிரியேதான். ஹிஸ்டரி எடுக்காம மருந்து எழுதக் கூடாதுன்னு எங்களுக்கு முதல் வருஷ கிளினிக்கல் போஸ்டிங்லயே சொல்லிக் கொடுத்துடுவாங்க. அதனால இதுக்கும் முதல்ல ஹிஸ்டரி.

வார்டில் மார்ஃபின் வைக்கிற அலமாரிக்கு இரட்டைப் பூட்டு. எடுக்கிற ஒவ்வொரு ஆம்பூலுக்கும் நோயாளி பேர், நேரம், கையெழுத்து எல்லாம் ரெஜிஸ்டர்ல ஏறணும். டூட்டி மாறும்போது எண்ணிப் பார்த்து சாவியை ஒப்படைக்கணும். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால ரெண்டு பயம் இருக்கு. எடுக்கக் கூடாத ஆள் எடுத்துடக் கூடாது. அதே சமயம், ராத்திரி 2 மணிக்குத் தொடை எலும்பு முறிஞ்சு துடிக்கிற ஆளை வெச்சுக்கிட்டு, சாவி வெச்சிருக்கிறவரைத் தேடி ஓடுற நிலையும் வரக் கூடாது. பாஸ்வேர்டை எப்படிப் பாதுகாக்கிறதுங்கிற கதை முழுக்க இந்த ரெண்டு பயமும் மாறி மாறி வரும். பார்த்துக்கிட்டே வாங்க.

1961. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற ஒரு அமைப்பை உருவாக்கியது. ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர், தனித்தனி டெர்மினலில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். கூட்டுக்குடித்தனம் வந்தால் 'என் பெட்டி, உன் பெட்டி' தகராறும் வரும் இல்லையா? ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். எல்லாருடைய பாஸ்வேர்டும் ஒரே ஃபைலில், அப்படியே படிக்கிற மாதிரி எழுதி வைக்கப்பட்டிருந்தது.

அந்த ஃபைல் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் 4 மணி நேரம்தான் கம்ப்யூட்டர் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்குப் பத்தவில்லை. எந்த ஃபைலை வேண்டுமானாலும் பிரின்ட் எடுத்துத் தரச்சொல்லி ஒரு பஞ்ச் கார்டு போட்டால் போதும், இயந்திரம் எடுத்துக் கொடுத்துவிடும் என்று கவனித்தார். 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பாஸ்வேர்ட் ஃபைலை பிரின்ட் கேட்டு ஒரு கார்டு போட்டார். சனிக்கிழமை காலையில் போய் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் அடுத்தவர் கணக்கில் புகுந்து வேலையை முடித்தார். இதை அவரே பல வருஷம் கழித்து சிரித்துக்கொண்டே எழுதினார்.

1966-ல் அதே அமைப்பில் இன்னும் பெரிய கூத்து. ஒரு நிர்வாகி பாஸ்வேர்ட் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரம் இன்னொருவர், உள்ளே நுழையும்போது எல்லாருக்கும் தெரிகிற 'இன்றைய செய்தி'யைத் திருத்திக்கொண்டிருந்தார். எடிட்டர் மென்பொருள் ரெண்டு பேருக்கும் ஒரே பேரில் தற்காலிக ஃபைல் போட்டது. ரெண்டும் இடம் மாறிப்போனது. அன்றைக்கு லாகின் செய்தவர்களுக்கெல்லாம் இன்றைய செய்திக்குப் பதிலாக மொத்த பாஸ்வேர்ட் பட்டியலும் டெர்மினலில் அடித்து வந்தது. அதைப் பார்த்த ஒருவர் வேண்டுமென்றே இயந்திரத்தை கிராஷ் செய்து நிறுத்தினார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் 5 மணி. வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நிர்வாகி உட்கார்ந்து எல்லார் பாஸ்வேர்டையும் மாற்றினார்.

பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்கக் கூடாது என்கிற பாடம் அதே 1960-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ரோஜர் நீடம் என்பவரிடமிருந்து வந்தது. பாஸ்வேர்டை ஒரு கணித அரவைக்குள் போட்டு, வெளியே வருகிற மாவை மட்டும் வைத்துக்கொள். மாவிலிருந்து மறுபடி அரிசி எடுக்க முடியாது. அடுத்த முறை அவர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது அதையும் அரைத்துப் பார், ரெண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிடு. இன்றைக்கு நாம் ஹேஷ் என்று சொல்வது இதைத்தான்.

இப்போ இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1979 நவம்பர். கம்ப்யூட்டர் துறையின் முக்கியமான இதழான 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம்.' ஒரே இதழில் ரெண்டு சின்னக் கட்டுரைகளை வெளியிட்டது. நான் மேலே சொன்ன ரெண்டு பயத்துக்கும் ஆளுக்கு ஒன்று.

முதல் கட்டுரை ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் எழுதியது. யூனிக்ஸ் அமைப்பில் பாஸ்வேர்டை எப்படிக் காத்தோம் என்ற கதை. பல இடங்களிலிருந்து 3,289 பாஸ்வேர்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 15 பேர் ஒரே ஒரு எழுத்தை பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். 72 பேர் ரெண்டு எழுத்து. மூன்று எழுத்துக்காரர்கள் 464 பேர். இப்படிச் சுருக்கமானவை, அகராதியில் இருப்பவை எல்லாம் சேர்த்தால் 86 சதவீதம். அரவை எவ்வளவு நைசாக இருந்தும் என்ன பண்றது, உள்ளே போடுகிற அரிசியே இவ்வளவுதான். அதனால் அரைப்பதை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். ஒவ்வொரு பாஸ்வேர்டுடனும் தனித்தனியாக ஒரு சிட்டிகை தற்செயல் எண் சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேரே சால்ட், உப்பு. ரெண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் மாவு வேறாக வரும். திருடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் உழைக்கணும்.

இது முதல் பயத்துக்கு மருந்து. அடுத்தவன் எடுத்துடக் கூடாது.

அதே இதழில், சில பக்கம் தள்ளி, வெறும் ரெண்டு பக்கக் கட்டுரை. எழுதியவர் ஆடி ஷமீர். ஆர்.எஸ்.ஏ. என்ற புகழ்பெற்ற பூட்டில் வருகிற 'எஸ்' இவர்தான். தலைப்பு, ஒரு ரகசியத்தைப் பங்கிடுவது எப்படி. ஒரு பழைய கணக்குப் புதிரோடு ஆரம்பிக்கிறார். 11 விஞ்ஞானிகள். ஆவணங்கள் ஒரு அலமாரியில். குறைந்தது 6 பேர் சேர்ந்தால்தான் அலமாரி திறக்கணும். சாதாரணப் பூட்டு சாவி போட்டுச் செய்தால் எத்தனை பூட்டு வேண்டும்? 462 பூட்டு. ஒவ்வொருவர் கொத்திலும் 252 சாவி. இடுப்பு என்னத்துக்கு ஆகும்!

ஷமீரின் தீர்வு பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஒரு தாளில் ஒரே ஒரு புள்ளி வைத்தால் அது வழியாக எத்தனை நேர்கோடு வேண்டுமானாலும் போடலாம். ரெண்டாவது புள்ளி வந்த உடனே ஒரே ஒரு கோடுதான் சாத்தியம். அந்தக் கோடு செங்குத்து அச்சை எங்கே வெட்டுகிறதோ அந்த எண்தான் ரகசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் 5 புள்ளி வைத்து 5 பேருக்கு ஆளுக்கு ஒன்று கொடுங்கள். யாராவது 2 பேர் சேர்ந்தால் கோடு கிடைக்கும், ரகசியம் கிடைக்கும். 3 பேர் சேரணும் என்றால் நேர்கோட்டுக்குப் பதில் பரவளையம். தேவையான எண்ணிக்கைக்கு ஒரு ஆள் குறைந்தாலும் ரகசியத்தில் பாதிகூடத் தெரியாது, ஒன்றுமே தெரியாது. ஒருத்தர் செத்தாலும், ஒருத்தர் கோபித்துக்கொண்டு போனாலும், மற்றவர்கள் சேர்ந்து திறந்துகொள்ளலாம்.

முதல் கட்டுரையை உலகம் உடனே எடுத்துக்கொண்டது. ரெண்டாவது கட்டுரை கணக்கு வாத்தியார்களோடு ரொம்ப வருஷம் தங்கிவிட்டது. அலுவலகங்களுக்கு அந்த ரெண்டாவது பயம் அப்போ இல்லை. பிற்பாடு என்ன விலை கொடுத்தார்கள் என்று சொல்கிறேன்.

நடுவில் ஒரு குறுக்குச் செய்தி. 1988 நவம்பர் 2-ம் தேதி இணையத்தில் ஒரு புழு பரவி ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று பாஸ்வேர்டை ஊகிப்பது. 432 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலைக் கையோடு கொண்டுபோனது. எழுதியது ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்ற மாணவர். ஆமாம், மேலே சொன்ன மாரிஸின் மகன்தான். அப்பா எந்த ஓட்டையைப் பற்றி எச்சரித்தாரோ, அதே ஓட்டை வழியா பையன் போய்ட்டான்.

இணையம் வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் என்பது ஆளுக்கு நாற்பது ஆனது. 1997-ல் ப்ரூஸ் ஷ்னையர் 'பாஸ்வேர்ட் சேஃப்' என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போடு, பெட்டிக்கு ஒரே சாவி வை, அதை மட்டும் நினைவில் வை. 2003-ல் கீபாஸ், 2006-ல் ஒன்பாஸ்வேர்ட், 2008-ல் லாஸ்ட்பாஸ், 2016-ல் பிட்வார்டன் எல்லாம் இதே குடும்பம்தான்.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று, 90 நாளைக்கு ஒரு முறை மாத்தணும் என்று உங்க ஆபீஸ் உயிரை வாங்குதா? அதுக்குக் காரணம் 2003-ல் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்புக்காக பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டி. 2017-ல் அவரே, தான் சொன்னதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். அதே வருஷம் நிஸ்ட்டும் மாற்றிக்கொண்டது. கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மாற்று, சும்மா காலண்டரைப் பார்த்து மாற்றச் சொல்லாதே. நம்ம ஊர் அலுவலகங்கள் பலவற்றுக்கு இந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

இப்போ ரெண்டாவது பயத்துக்கு வருவோம்.

2001 செப்டம்பர் 11. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் 101 முதல் 105 வரையிலான மாடிகளில் கேன்டர் ஃபிட்ஜெரால்ட் என்ற நிதி நிறுவனம் இருந்தது. அன்று காலை அங்கே இருந்த ஊழியர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. 658 பேர். தலைவர் ஹோவர்ட் லட்னிக் மகனைப் பள்ளியில் விடப் போயிருந்ததால் உயிரோடு இருந்தார். அவருடைய தம்பியும் இறந்தவர்களில் ஒருவர். கடன் பத்திரச் சந்தை 2 நாளில் மறுபடி திறக்கப் போகிறது. அதற்குள் நிறுவனம் எழுந்திருக்காவிட்டால் மொத்தமாக மூழ்கும். நிறுவனம் மூழ்கினால் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கொடுக்கவும் ஒன்றுமிருக்காது. ஆனால் வேலைக்குத் தேவையான கணக்குகள், ஃபைல்கள் எல்லாவற்றின் பாஸ்வேர்டும் இறந்துபோனவர்களோடு போய்விட்டது.

மைக்ரோசாஃப்ட் தன் ஆட்களை அனுப்பியது. எல்லாப் பாஸ்வேர்டையும் இயந்திரத்தால் ஊகித்து முடிக்க நேரமில்லை. ஊகத்தைச் சுருக்க வேண்டுமென்றால் அந்த மனிதர்களைப் பற்றித் தெரியணும். அதனால் குடும்பங்களுக்கு போன் போட்டார்கள். கல்யாண நாள் என்ன, எந்தக் கல்லூரியில் படித்தார், நாய்க்கு என்ன பேர். கணவர் இறந்துவிட்டார் என்பதையே இன்னும் ஏற்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்ட கேள்விகள் இவை.

ஒரு மரணத்தைக் குடும்பத்துக்குச் சொல்கிற வேலை எங்க தொழிலில் உண்டு. சொல்லி முடித்த கையோடு ஒரு கையெழுத்தோ ஒரு விவரமோ கேட்க வேண்டி வருவதுதான் அதில் ரொம்பக் கஷ்டமான பகுதி. அந்த போன் கால்களைப் பற்றிப் படித்தபோது அதுதான் தோன்றியது. ஒரு சீல் வெச்ச கவர் இருந்திருந்தா அந்தக் கால்களே தேவைப்பட்டிருக்காது.

சாவி வைத்திருந்தவர் உயிரோடுதான் இருந்தார், ஆனால் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார் என்றால்? அதுவும் நடந்தது. 2008, சான் ஃபிரான்சிஸ்கோ மாநகராட்சி. டெர்ரி சைல்ட்ஸ் என்ற இன்ஜினியர் நகரத்தின் ஃபைபர்வேன் நெட்வொர்க்கைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர். சம்பளப் பட்டியல், மின்னஞ்சல், போலீஸ் ஆவணங்கள் எல்லாம் அதில்தான் ஓடின. நிர்வாக பாஸ்வேர்ட் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மேலதிகாரிகள் கேட்டபோது, கேட்கிறவர்களுக்கு அதை வைத்திருக்கத் தகுதி இல்லை என்று மறுத்தார். ஜூலையில் கைதானார். சிறையிலும் வாய் திறக்கவில்லை. கடைசியில் மேயர் கவின் நியூசம் நேரில் சிறைக்குப் போய் உட்கார்ந்து கேட்டபிறகு, அவரிடம் மட்டும் சொன்னார்.

அத்தனை நாளும் நெட்வொர்க் ஒழுங்காகவே ஓடியது. 2010-ல் சைல்ட்ஸுக்கு 4 வருஷச் சிறை. சுமார் 15 லட்சம் டாலர் இழப்பீடும் கட்டச் சொன்னார்கள். அவர் செய்தது தப்புதான். ஆனா ஒரு மாநகரத்தின் மொத்தச் சாவியையும் ஒரே ஆள்கிட்ட விட்டுட்டு வருஷக்கணக்கா தூங்கின நிர்வாகத்தை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. என் கணக்கில் அதுவும் அதே அளவு தப்பு.

பெரிய நிறுவனங்களுக்கான பெட்டகங்கள் வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். 1999-ல் இஸ்ரேலில் தொடங்கிய சைபர்ஆர்க் அதில் முன்னோடி. மார்ஃபின் அலமாரி ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அதேதான். சர்வரின் நிர்வாக பாஸ்வேர்ட் எந்த ஊழியருக்கும் சொந்தமில்லை, பெட்டகத்துக்குச் சொந்தம். தேவைப்படுகிறவர் காரணம் சொல்லி, தேவைப்பட்டால் மேலதிகாரி அனுமதியோடு எடுக்கணும். யார், எப்போ எடுத்தார் என்று பதிவாகும். வேலை முடிந்ததும் பெட்டகம் தானே பாஸ்வேர்டை மாற்றிவிடும். உள்ளே போய் என்ன செய்தார் என்பதையும் வீடியோ மாதிரி பதிவு செய்து வைக்கலாம். என்ரான் ஊழலுக்குப் பிறகு 2002-ல் அமெரிக்காவில் கணக்குத் தணிக்கைச் சட்டம் இறுகியதும் வங்கிகள் இதை நோக்கி ஓடின.

ஆனால் இன்னொரு கூட்டம் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. மனிதர்கள் அடிக்கிற பாஸ்வேர்டைவிட, மென்பொருளுக்கு மென்பொருள் காட்டுகிற பாஸ்வேர்டுகள் அதிகமாகிவிட்டன. உங்க லேப் மென்பொருள் டேட்டாபேஸைத் திறக்க ஒரு சாவி, எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு சாவி, கிளவுடில் ரிப்போர்ட் சேமிக்க ஒரு சாவி. இவற்றைத்தான் துறையில் சீக்ரெட்ஸ் என்கிறார்கள். புரோகிராமர் அவசரத்தில் இவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவார். பீரோ சாவியைப் பீரோ மேலயே ஆணியடிச்சு மாட்டுற மாதிரி.

இதற்கு ஊபரை விட நல்ல பாடம் இல்லை. 2014-ல் ஒரு இன்ஜினியர் நிறுவனத்தின் அமேசான் கிளவுட் சாவியை கிட்ஹப்பில் பொதுவெளியில் போட்டுவிட்டார். ஓட்டுநர்களின் விவரம் போனது. 2016-ல் மறுபடி. இந்த முறை தனியார் கிட்ஹப் கணக்குக்குள் புகுந்தவர்கள் அங்கே எழுதி வைத்திருந்த அமேசான் சாவியை எடுத்து, 5.7 கோடி பேரின் விவரத்தை அள்ளினார்கள். நிறுவனம் 1 லட்சம் டாலர் கொடுத்து அமுக்கப் பார்த்தது. அந்த மூடிமறைப்புக்காகப் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது.

2022 செப்டம்பரில் மூன்றாவது முறை. இப்போது ஊபரிடம் முறையான பெட்டகம் இருந்தது. உள்ளே புகுந்த நபர் சொன்னபடி, அந்தப் பெட்டகத்தின் நிர்வாகச் சாவியே ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் பச்சையாக எழுதி வைக்கப்பட்டிருந்தது.

சீக்ரெட்ஸ் பிரச்சினைக்கு 2015 ஏப்ரலில் ஹாஷிகார்ப் நிறுவனம் வால்ட் என்ற மென்பொருளை, அப்போது திறந்த மூலமாக, வெளியிட்டது. இதில் ரெண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, நிரந்தரச் சாவியே கொடுக்காமல் இருக்கலாம். ஒரு மென்பொருள் டேட்டாபேஸைத் திறக்கணும் என்று கேட்டால், அந்த நிமிஷமே ஒரு புது யூசர், புது பாஸ்வேர்ட் உருவாக்கி, ஒரு மணி நேரம் செல்லும் என்று கொடுக்கும். நேரம் முடிந்தால் செல்லாது. வார்டுக்குள் விடுகிற பார்வையாளர் பாஸ் மாதிரி. திருடினாலும் சாயந்திரத்துக்குள் குப்பை.

ரெண்டாவது விஷயம், 36 வருஷம் காத்திருந்த அந்த ரெண்டு பக்கக் கட்டுரை. வால்ட்டை முதன்முதலில் நிறுவும்போது அதன் திறவுகோலை ஷமீர் முறைப்படி 5 துண்டாக்கி 5 பேரிடம் கொடுக்கும். சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் அதில் எந்த 3 பேராவது வந்து துண்டைக் கொடுக்கணும். 5-க்கு 3 என்பது வெறும் தொடக்க அளவுதான், மாற்றிக்கொள்ளலாம். தனி ஒருத்தர் திருடவும் முடியாது, தனி ஒருத்தர் போய்விட்டால் நிறுவனம் நிற்கவும் செய்யாது. இது கஷ்டமா இருக்குன்னு கிளவுட் தானே திறந்துகொள்கிற மாதிரியும் வைக்கலாம். பல இடத்தில் அப்படித்தான் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் கிளவுட் கணக்கின் சாவி யாரிடம் என்ற பழைய கேள்வி திரும்ப வரும்.

அப்புறம் 2022. பெட்டகக் கடையிலேயே திருட்டு. லாஸ்ட்பாஸில் முதலில் ஆகஸ்டில் நிரல் திருட்டு. அதில் கிடைத்த தகவலை வைத்து அடுத்த கட்டம். வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் இருந்த கிளவுட் சேமிப்பைத் திறக்கும் சாவிகள் 4 இன்ஜினியர்களுக்கு மட்டும் எட்டும். அதில் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த, படம் பாட்டு கேட்கிற வகை மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்து, அவர் அடிக்கிற எழுத்துகளைப் பதிவு செய்து, மாஸ்டர் பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டார்கள்.

பெட்டகங்கள் பூட்டியேதான் இருந்தன, மாஸ்டர் பாஸ்வேர்டை நிறுவனம் சேமிப்பதில்லை. ஆனால் யார் எந்தெந்த வலைதளத்துக்குப் பாஸ்வேர்ட் வைத்திருக்கிறார் என்ற முகவரிகள் பூட்டாமலே கிடந்தன. பழைய கணக்குகள் சிலவற்றில் அரவையும் ரொம்பச் சுலபமாக விடப்பட்டிருந்தது. மாரிஸும் தாம்ப்சனும் 1979-ல் சொன்ன 'மெதுவாக அரை' என்பதைக் காலத்துக்கேற்ப உயர்த்தவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 4 பேரில் யாராவது 1 போதும் என்பதுதான் ஏற்பாடு. 4 பேரில் 2 பேர் சேரணும் என்று இருந்திருந்தால் அந்த ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் போதுமானதாக இருந்திருக்காது.

சரி, ஹிஸ்டரி முடிஞ்சது. இப்போ மருந்துச் சீட்டு.

விற்க வருகிறவர் முதலில் ஏ.இ.எஸ்.-256 என்று ஆரம்பிப்பார். அதை விடுங்க. எல்லாக் கடையிலும் பூட்டு கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். அவர்கிட்ட இதைக் கேளுங்க: "எங்க அட்மின் நாளைக்குக் காலைல இல்லைன்னா, பெட்டகத்தை யார், எப்படித் திறப்பாங்க? இப்பவே செஞ்சு காட்டுங்க." அப்புறம், "ஒருத்தர் வேலையை விட்டுப் போனா, அவர் பார்த்த பாஸ்வேர்ட் எதெதுன்னு பட்டியல் வருமா?" கடைசியா, "உங்க சர்வரையே திருடினா, அதுல பூட்டாம என்னென்ன கிடைக்கும்?"

10, 20 பேர் வேலை செய்கிற கிளினிக், லேப் என்றால் ஒன்பாஸ்வேர்ட், பிட்வார்டன் ரெண்டில் எதுவானாலும் போதும். ரெண்டின் நிறுவனப் பதிப்பிலும் ஊழியர் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் நிர்வாகி மீட்க வழி உண்டு. ஒன்பாஸ்வேர்ட் உங்க பாஸ்வேர்டோடு, உங்க கருவியில் உருவாகும் இன்னொரு நீண்ட சாவியையும் சேர்க்கும். அதனால் அவங்க சர்வரைத் திருடினாலும் ஊகம் வேலைக்காகாது. பிட்வார்டன் திறந்த மூலம், வேண்டுமானால் உங்க சர்வரிலேயே ஓட்டலாம். ஆனா தயவுசெய்து, சர்வர் பார்த்துக்க ஆள் இல்லாம அந்த வேலையில் இறங்காதீங்க. கீபாஸ் இலவசம், நல்ல பூட்டு. தனி ஆளுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஆபீசுக்கு வேண்டாம். எல்லாம் ஒரே ஃபைல், யார் திறந்தார் என்ற ரெஜிஸ்டர் இல்லை. ஒருத்தர் அந்த ஃபைலை காப்பி எடுத்துக்கொண்டு வேலையை விட்டுப் போனால், உள்ளே இருக்கிற அத்தனையையும் நீங்க மாத்தணும்.

ஆஸ்பத்திரி மாதிரி நூறு விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒரே டொமைனில் இருக்கிற இடத்துக்கு மைக்ரோசாஃப்டின் லேப்ஸ் என்று ஒரு வசதி இருக்கு. எழுத்துக்கூட்டினால் எல்.ஏ.பி.எஸ். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் உள் நிர்வாக பாஸ்வேர்டையும் தனித்தனியாக்கி, தானே மாற்றிக்கொண்டே இருக்கும். 2023-ல் இருந்து விண்டோஸிலேயே வருகிறது, தனிக்காசு இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தவன் அதே பாஸ்வேர்டை வைத்து நூறிலும் புகுவதை இது தடுக்கும். நான் பார்த்தவரை, இவ்வளவு பயனுள்ள, இவ்வளவு பேர் கண்டுக்காத இன்னொரு கருவி இல்லை.

மென்பொருள் எழுதுகிற நிறுவனம் என்றால்தான் சீக்ரெட்ஸ் பெட்டகம். ஏற்கெனவே அமேசான் கிளவுடில் இருக்கிறவர்களுக்கு அவர்களுடைய சீக்ரெட்ஸ் மேனேஜர் சுலபம். ஒரு ரகசியத்துக்கு மாதம் 40 அமெரிக்க சென்ட். கேட்க சில்லறை மாதிரி இருக்கும், ஆயிரம் ரகசியம் ஆனபிறகு பில்லைப் பாருங்க. பல கிளவுட், சொந்த சர்வர் என்று கலந்து ஓட்டுகிறவர்களுக்கு வால்ட். ஆனால் 2023-ல் ஹாஷிகார்ப் உரிமத்தை இறுக்கியது. அது பிடிக்காதவர்கள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் ஓபன்பாவ் என்று பிரித்து நடத்துகிறார்கள். 2025-ல் ஹாஷிகார்ப்பை ஐ.பி.எம். வாங்கி முடித்தது. வாங்குமுன் ரெண்டையும் பார்த்துடுங்க. சைபர்ஆர்க் வகையெல்லாம் வங்கி அளவுக்கு. அதைப் பராமரிக்கவே தனி ஆள் வேணும். 20 பேர் ஆபீசுக்கு அதை வாங்குறது சளிக்கு ஐ.சி.யூ. அட்மிஷன்.

எதை வாங்கினாலும் ரெண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது போனில் வரும் குறி அல்லது ஒரு சாவிக் கருவி, கட்டாயம். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்குள் ஒரு திருடிய பாஸ்வேர்ட் வழியாகத்தான் நுழைந்தார்கள். அந்தத் தொலைதூர நுழைவாயிலில் ரெண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. 9 நாள் உள்ளே சுற்றிவிட்டு எல்லாவற்றையும் முடக்கினார்கள். நாடு முழுக்க மருந்துக் கடைகளில் காப்பீடு சரிபார்க்க முடியாமல், நோயாளிகள் கைக்காசு கொடுத்து மருந்து வாங்கினார்கள், இல்லாதவர்கள் திரும்பிப் போனார்கள். 2.2 கோடி டாலர் கப்பம் கட்டியும் சுமார் 19 கோடி பேரின் விவரம் போனது போனதுதான்.

கடைசியாக, உலகத்திலேயே ரொம்பக் கவனமாகச் சாவி வைத்திருக்கிறவர்கள் கதை. இணைய முகவரிப் புத்தகமான டி.என்.எஸ்.ஸின் மூலச் சாவி 2010-ல் இருந்து அமெரிக்காவில் ரெண்டு இடங்களில், பெட்டகத்துக்குள் பெட்டகமாக இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் பல நாடுகளைச் சேர்ந்த 7 பேர் காவலர்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை அதில் குறைந்தது 3 பேர் நேரில் வந்து ஆளுக்கு ஒரு சாவி போட்டால்தான் வேலை நடக்கும். முழுக்க நேரலையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

2020 பிப்ரவரி. கலிஃபோர்னியா. ஆட்கள் வந்துவிட்டார்கள், சாவி இருக்கிறது, கணக்கு சரியாக இருக்கிறது. இரும்புப் பெட்டகத்தின் பூட்டு மக்கர் பண்ணி திறக்கவில்லை. கடைசியில் பூட்டுக்காரரைக் கூப்பிட்டு ட்ரில் போட்டுத் திறந்தார்கள். 4 நாள் தாமதம்.

அடுத்த முறை ஏப்ரலில் நடக்கணும். அதற்குள் கோவிட். விமானம் இல்லை, யாரும் வர முடியாது. எழுதி வைத்திருந்த அவசரத் திட்டத்தை எடுத்தார்கள். காவலர்கள் சிலர் தங்கள் சாவியை முத்திரையிட்ட பையில் முன்கூட்டியே அனுப்பி வைத்தார்கள். அங்கிருந்த ஊழியர்கள் பெட்டியைத் திறக்க, காவலர்கள் வீட்டிலிருந்தே வீடியோவில் பார்த்தார்கள். வழக்கமாக 3 மாதத்துக்குப் போடும் கையெழுத்துகளை, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த முறை 9 மாதத்துக்குப் போட்டு வைத்தார்கள்.

கேள்வி இருந்தா கீழே போடுங்க. நைட் டூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.